சாகசக்காரி

என் அம்மா என்னை வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் அடித்திருக்கிறாள். அதற்குக் காரணம் நான் செய்த தப்பு இல்லை. கீழ்வீட்டு அம்மாள் என்னைப் பாராட்டியதுதான் காரணம். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கன்னம் என்னுடையது.

தொண்ணூறுகளில் நாங்கள் கல்கத்தாவில் டாலிகஞ்சில் ஒரு பழைய வீட்டின் முதல் மாடியில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் உத்தியோகம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து என்னைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் அப்படியே தங்கிவிட்டார்கள். தமிழ் எனக்கு அம்மாவின் வாயிலிருந்து வந்தது. வங்காளி தெருவிலிருந்தும் பள்ளிக்கூடத்திலிருந்தும் வந்தது. அதனால் ஒரு கோளாறு. தமிழை வக்கணையாகப் பேசுவேன், படிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டுவேன். வங்காளியைத் தண்ணீர் குடிக்கிற மாதிரி படிப்பேன்.

அம்மா எட்டாவதோடு நின்றவள். ஆனால் படிப்புப் பைத்தியம். லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் அப்பளமும் விற்கிற ஒரு கடைக்கு நம் ஊர் வாரப் பத்திரிகைகள் தாமதமாக வந்து சேரும். அதில் வருகிற தொடர்கதையைக் கிழித்து, அடுக்கி, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டையை மேலே ஒட்டி பைண்டு செய்து வைத்துக்கொள்வாள். ஊரிலிருந்து ட்ரங்குப் பெட்டியில் வந்த பைண்டுகளும் உண்டு. எல்லாம் ராஜா காலத்துக் கதைகள். குதிரை, கோட்டை, சுரங்கப்பாதை, அகழியில் குதித்துத் தப்பிக்கிற இளவரசி. அரிவாள்மணைக்கு எதிரே பைண்டை விரித்து வைத்துக்கொண்டு, காய் நறுக்கியபடியே எனக்கு வாசித்துக் காட்டுவாள். வீரன் சுரங்கத்துக்குள் நுழைகிற கட்டம் வந்தால் எங்கள் வீட்டில் குழம்பு அடிப்பிடிக்கும். நான் "பெறவு?" என்பேன். பக்கம் முடிந்திருந்தால் "பெறவு அடுத்த வாரம்" என்பாள். அந்த அடுத்த வாரம் வருவதற்குள் எனக்குக் காய்ச்சலே வந்துவிடும் போலிருக்கும்.

ஆகவே, என்னைக் கெடுத்தது யார் என்று எவராவது கேட்டால் என் பதில் தயாராக இருக்கிறது. என்னைக் கெடுத்தது என் அம்மாதான். இதை அவளிடமே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

அம்மா தொடங்கி வைத்ததைத் தொடர்ந்து நடத்தியது கீழ்வீட்டு மாஷிமாவின் அலமாரி. அம்மா வயதிலும் அதற்கு மேலும் இருக்கிற பெண்கள் எல்லோரும் வங்காளத்தில் நமக்கு மாஷிமா, அதாவது சித்தி, பெரியம்மா. இந்த மாஷிமா தன் ஒரே மகளோடு கீழே இருந்தார். மகள் பாலிகஞ்சில் ஒரு வங்கியில் வேலை பார்த்தாள். எனக்குப் பத்து வயதாவது மூத்தவள், நான் தீதி என்று கூப்பிடுவேன். அவர்கள் வீட்டு அலமாரி முழுக்கப் பயணப் புத்தகங்கள். வங்காளிகளுக்கு இந்த வியாதி உண்டு. வருஷம் முழுக்க ஜன்னலைச் சாத்திக்கொண்டு குளிருக்குப் பயப்படுவார்கள், பூஜை லீவு வந்தால் குரங்குக் குல்லாயை மாட்டிக்கொண்டு இமயமலைக்குக் கிளம்பிவிடுவார்கள். போய்வந்த பிறகு புத்தகம் எழுதுவார்கள்.

அந்தப் புத்தகங்களை நான் தின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஒன்றில் ஒரு மனிதர் பனியாற்றில் ஒரு காலுறையைத் தொலைத்துவிட்டு, மிச்சமிருந்த ஒன்றை இரண்டு கால்களுக்கும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு நடப்பார். இன்னொன்றில் ஒரு பெண், கணக்கு வாத்தியாரம்மா, கோடை விடுமுறையில் யாரிடமும் கேட்காமல் ரயில் ஏறி மலையடிவாரம் போய் இறங்குவாள். போய்ச் சேர்ந்த பிறகுதான் வீட்டுக்குத் தந்தி கொடுப்பாள். அந்தப் பக்கத்தை நான் திரும்பத் திரும்பப் படித்ததில் தாளே நைந்துபோனது. புத்தகம் படித்தால் அறிவு வளரும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். எனக்கு அறிவு வளர்ந்ததோ இல்லையோ, திமிர் வளர்ந்தது. அதற்காக அந்த வாத்தியாரம்மாவுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

இதெல்லாம் அம்மாவின் கண்முன்னால்தான் நடந்தது. அவளுக்கு வங்காளி எழுத்து தெரியாது. "கொடியில துணி காயப்போட்ட மாதிரி எல்லா எழுத்தும் தொங்குது, இத எப்படிட்டி படிக்க?" என்பாள். தமிழ் என்றால் கதை, வங்காளி என்றால் பாடம் என்பது அவள் கணக்கு. பள்ளிக்கூடத்துப் புத்தகம் வங்காளியில் இருந்ததால், வங்காளியில் இருந்ததெல்லாம் பள்ளிக்கூடத்துப் புத்தகம். நான் பனியாற்றில் காலுறை தேடிக்கொண்டிருக்கும்போது பாலில் சர்க்கரை கூடப் போட்டுக் கொண்டுவந்து வைப்பாள். சத்தம் போடாமல் கதவை ஒருக்களித்துவிட்டுப் போவாள். லேக் மார்க்கெட்டில் தமிழ் ஆட்கள் யாரைப் பார்த்தாலும், "எம்புள்ள வங்காளியக் கரைச்சுக் குடிக்கா" என்று பெருமை வேறு. அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. பால் நன்றாக இருந்தது.

படித்தது சும்மா இருக்குமா? கைகால் பரபரக்கும். மழைக்காலத்தில் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது எல்லோரும் வீட்டில் கிச்சடி சாப்பிடுவார்கள், நான் தண்ணீருக்குள் இறங்கி எதிர்ச்சாரி வரை போய்த் திரும்புவேன். மெட்ரோவில் தெரியாத ஸ்டேஷனில் இறங்கி, வழி கேட்காமல் வீடு வந்து சேர்வேன். ஒரு பூஜை சமயம், எங்கள் தெருப் பந்தலின் மூங்கில் சாரத்தின் உச்சியில் ஒரு பூனைக்குட்டி மாட்டிக்கொண்டது. கிளப் பையன்கள் கீழே நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவனும் ஏறவில்லை. நான் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறி, பூனையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினேன். அந்த நன்றி கெட்ட ஜீவன் வயிற்றில் பிறாண்டியது. அம்மாவிடம் காயத்தைக் காட்டவில்லை. ஆனால் பாரா முழுக்க, அதாவது எங்கள் சுற்றுவட்டாரத் தெருக்கள் முழுக்க, அன்றைக்குச் சாயங்காலமே என் பேச்சுதான்.

பூனையை இறக்கியதை தீதியும் பார்த்திருந்தாள். அவள் ஒரு மலையேற்றக் கிளப்பில் இருந்தாள். குளிர்காலம் வந்தால் அந்தக் கிளப் பாங்குரா ஜில்லாவில் சுசுனியா என்ற குன்றுக்குப் போய்க் கூடாரம் போட்டு, பாறை ஏறக் கற்றுக்கொடுக்கும். நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம் டிசம்பரில், "வர்றியா?" என்று கேட்டாள். எனக்கு அப்போதே பாதி உயிர் சுசுனியாவுக்குப் போய்விட்டது. புத்தகத்தில் படித்ததெல்லாம் ஒரு ரயில் பயண தூரத்தில் நிஜமாக நிற்கிறது. இதற்குப் போகாவிட்டால் இனிமேல் அந்தப் புத்தகங்களைத் தொடவே எனக்கு யோக்கியதை கிடையாது என்று பட்டது.

அப்பாவிடம் கேட்டேன். அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து, "அம்மாட்ட கேளு" என்றார். அம்மாவிடம் போனேன். "அப்பாட்ட கேளு" என்றாள். இப்படி வராந்தாவுக்கும் அடுப்படிக்கும் நான் பந்தாக உருண்டதைப் பார்த்து மாஷிமாவே மனம் இரங்கி, தான் வந்து அம்மாவிடம் பேசுவதாகச் சொன்னார். அங்கேதான் வினை.

மாஷிமா மத்தியானம் வந்தார். அம்மா டீ போட்டுக் கொடுத்தாள். நான் உள்ளறையில் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவின் வங்காளி சந்தை வங்காளி. கத்தரிக்காய், எடை, பழசு, புதுசு, நாளைக்கு வா, இவ்வளவுதான். வீரத்தைப் பற்றி யாரும் அவளிடம் பேசியதில்லை. கத்தரிக்காய்க்காரனிடம் அதைப் பேச என்ன இருக்கிறது? மாஷிமாவுக்கோ நல்ல விஷயத்தைச் சுருக்கிச் சொல்லத் தெரியாது. முகமெல்லாம் சிரிப்பாக ஆரம்பித்தார்.

"தோமார் மேயே கூப் ஷாஹொஷி. பாராய் ஷொபாய் போலே. சேலேராவோ ஓகே பொய் பாய்."

உங்கள் மகள் ரொம்ப தைரியசாலி, பாராவில் எல்லோரும் சொல்கிறார்கள், பையன்கள்கூட அவளைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று அர்த்தம். வங்காளியில் ஷாஹொஷ் என்றால் தைரியம். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. ஆனால் ஷாஹொஷி என்ற சொல் விழுந்த கணத்திலேயே அம்மாவின் காது முழுக்கத் தமிழாகிவிட்டது. அவளுக்குக் கேட்டது இது. உன் மகள் பெரிய சாகசி. பாராவில் எல்லோரும் சொல்கிறார்கள். பையன்கள். பொய். பாய்.

மாஷிமா டீயைக் குடித்து முடித்து, அம்மாவின் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, காரியம் முடிந்தது என்ற நினைப்பில் இறங்கிப் போனார். அம்மா கதவைச் சாத்தினாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன்.

"ஏட்டி, நீ சாகசக்காரியா?" என்றாள். குரல் ரொம்பத் தணிந்திருந்தது.

எனக்குத் தெரிந்த தமிழில் சாகசம் என்றால் ஒன்றுதான். அம்மாவின் பத்திரிகைப் பின்னட்டையில் 'சாகசக் கதைகள்' என்று விளம்பரம் வரும், அதை எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறேன். மலை, கடல், காடு. மாஷிமா சொன்னதை அம்மா எவ்வளவு சரியாகத் தமிழ்ப்படுத்திவிட்டாள் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"ஆமா. அதுல என்ன தப்பு?" என்றேன்.

விழுந்தது அறை. டீ கிளாசை வைத்த கை ஈரம் காயாமலே விழுந்தது. அம்மா அழுதுகொண்டே அடித்தாள், அடித்துவிட்டு இன்னும் அழுதாள். "பொறத்தியான் ஊர்ல வந்து இருக்கோம். பேரு கெட்டா போக்கிடம் ஏதுட்டி? வீடேறி வந்து சிரிச்சிக்கிட்டே சொல்லிட்டுப் போறா அந்த அம்மா" என்றாள். நான் தைரியசாலியாக இருந்தால் எங்கள் பேர் எப்படிக் கெடும் என்று எனக்குப் புரியவே இல்லை. நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. பாதி வங்காளியில் கத்தியிருப்பேன், அது அவளுக்குப் புரிந்திருக்காது.

சாயங்காலம் அப்பா துறைமுகத்திலிருந்து வந்தார். இரண்டு பேரும் இரண்டு மூலையில் உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியாக விசாரித்தார். விசாரித்து முடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வர, புரையேறச் சிரித்தார்.

"என்னத்துக்குச் சிரிக்கிய? குடி முழுகிப்போச்சு, உங்களுக்குச் சிரிப்பு வருதோ?" என்றாள் அம்மா.

அப்பா முதலில் என்னிடம் திரும்பினார். "தமிழ்ல சாகசக்காரின்னா வேற. ஆள மயக்கிக் காரியம் சாதிக்கவ. உங்கம்மா கதையில வருவால்லா, ராசாவுக்கு வெத்தல மடிச்சுக் கொடுத்துக் கோட்டைச் சாவிய வாங்கிருவா, அவதான் சாகசக்காரி." பிறகு அம்மாவிடம், "ஏளா, வங்காளியில ஷாஹொஷின்னா தைரியமானவ. பொய்யுமில்ல, பாயுமில்ல. பொய் பாய்ன்னா பயப்படுதாவன்னு அர்த்தம். உம்மகளப் பாத்து பசங்க பயப்படுதானுவளாம். சந்தோசப்படு" என்றார்.

சந்தோஷப்பட்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.  அம்மா மெதுவாக நூல் பிடித்துக்கொண்டு போனாள். பையன்கள் எதற்குப் பயப்பட்டார்கள்? பூனைக்குட்டி விஷயம் வெளியே வந்தது. பந்தலில் ஏற யார் சொல்லிக்கொடுத்தது? புத்தகங்கள் வெளியே வந்தன. அப்பா ஒன்றை எடுத்துப் புரட்டி, அப்பாவியாக, "இது பாடமில்ல, மலையேறுத கத" என்றார். அம்மாவின் முகம் அப்போது மாறியது. அறைந்தபோதுகூட அப்படி ஒரு முகம் இல்லை.

"அப்ப நான் இத்தன நாளும் பால் காச்சிக் கொடுத்தது கதப் பொஸ்தகத்துக்கா?" என்றாள்.

 எனக்குச் சொல்ல இருந்தது ஒன்றே ஒன்று. நீயும் கதைப் புத்தகத்துக்குத்தானே குழம்பைத் தீய விட்டாய்? ஆனால் கன்னம் எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலையில் அம்மா எல்லாப் புத்தகங்களையும் புடவைத் தலைப்பில் கட்டி எடுத்துக்கொண்டு போய் மாஷிமா வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தாள். சுசுனியா கிடையாது என்றாள். சொல்லுக்கு என்ன அர்த்தமாக இருந்தாலும் சரி, பொம்பளைப் பிள்ளை கயிற்றில் தொங்கப் போக வேண்டாம், முடிந்தது பேச்சு. அப்பா பேப்பருக்குப் பின்னால் போய்விட்டார்.

எனக்கு முடியவில்லை. அன்றைக்கு மத்தியானம் ட்ரங்குப் பெட்டியைத் திறந்து அவளுடைய பைண்டை எடுத்தேன். இளவரசி மதிலில் நிற்கிற படம் போட்ட பக்கத்தைத் தேடி, அரிவாள்மணைக்கு முன்னால் விரித்து வைத்தேன்.

"இவ அகழியில குதிச்சா நீ அடுப்ப மறந்துட்டுப் படிப்பே. நான் ஒரு குன்னுல ஏறணும்னா கதவப் பூட்டுவியா?"

"அது கதைட்டி."

"கதையில வாரவளுக்கு வீடு கிடையாதா? அம்மா கிடையாதா?"

"கிடையாது" என்றாள் அம்மா, தலையைத் தூக்காமல். "நல்லாப் பாரு. அவளுக்கு அம்மா கிடையாது. இருந்திருந்தா குதிச்சிருக்கமாட்டா."

சரியான அடி.  மனசுக்குள் ஒவ்வொரு புத்தகமாகப் புரட்டிப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மைதான். மலையேறுகிறவனுக்கு, கடலில் போகிறவனுக்கு, அந்த வாத்தியாரம்மாவுக்கு, யாருக்குமே அம்மா இல்லை. இருந்தாலும் முதல் அத்தியாயத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டுக் காணாமல் போய்விடுகிறாள். எழுதுகிறவர்களுக்கு அது சௌகரியம். எனக்கு அந்தச் சௌகரியம் இல்லை. என் அம்மா அவரைக்காய் நார் உரித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள், எந்த அத்தியாயத்திலிருந்தும் போகிற உத்தேசம் அவளுக்கு இல்லை.

"அப்ப நான் அம்மா இருக்கும்போதே குதிக்கேன்" என்றேன். "வெள்ளிக்கிழம சாயங்காலம் கெளம்புவேன். ஒளிஞ்சு போகமாட்டேன். சொல்லிட்டுத்தான் போவேன்."

வெள்ளிக்கிழமை வந்தது. அம்மா வாசல் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கதவுக்குக் குறுக்கே உட்கார்ந்து காய் நறுக்கினாள். அப்பா வராந்தா நாற்காலியில் இருந்தார். கீழே தெருவில் தீதி கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு டாக்சியோடு நின்றாள். நான் அப்பாவின் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, பையோடு வந்து நின்றேன்.

"கதவத் திற."

"எதுக்கு?"

"போறேன்."

அம்மா அடுத்த காயை எடுத்தாள். அரிவாள்மணையில் நறுக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் பால்கனிக்குப் போனேன். பையைக் கீழே போட்டேன், தீதி பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் மழைத்தண்ணீர்க் குழாய் தரை வரை இறங்கியிருந்தது. துருப்பிடித்த குழாய். கம்பிக்கு மேலே ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டேன். மாஷிமா கீழேயிருந்து "ஓ மா கோ" என்று அலறினார். அப்பா பேப்பரை இறக்கிப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். வேஷம் போட்டேன் என்று பிற்பாடு சொன்னவர்கள் உண்டு. வேஷம் இல்லை. இரண்டாவது காலையும் தூக்கியிருப்பேன்.

அம்மா ஓடி வந்து என் ஸ்வெட்டரைக் கொத்தாகப் பிடித்தாள்.

"கோட்டிக்காரி, எறங்குட்டி. வாசல் வழியாப் போய்த் தொல."

"நெசமாவா?"

இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என் கையில் திணித்தாள். நானே பூட்டைத் திறந்தேன். நிலைப்படியைத் தாண்டும்போது, இன்னும் கோபம் ஆறாமல், "போறேன்" என்றேன்.

"போறேன்னு சொல்லாத மூதி. போயிட்டு வாரேன்னு சொல்லு."

சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இதை அம்மாவின் பெருந்தன்மை என்று சிலர் உருகுவார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. என் கால் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்ததால்தான் கதவு திறந்தது. இதற்கு நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை. பையில் அப்பா எப்போதோ தன் டார்ச் லைட்டைப் போட்டிருந்தார். அம்மா எதுவும் வைக்கவில்லை. அவள் கோபம் அவ்வளவு நிஜம்.

சுசுனியாவில் என்ன நடந்தது என்று விஸ்தாரமாகச் சொல்ல மாட்டேன். சால மரக் காடு, அடிவாரத்தில் ஒரு ஊற்று, காலையில் பல் கிட்டிக்கிற குளிர். பாறை நான் நினைத்ததை விடச் சின்னது, ஏற ஆரம்பித்ததும் நினைத்ததை விடப் பெரியது. பாதியில் மாட்டிக்கொண்டேன். மேலே கைப்பிடி எட்டவில்லை, கீழே கால் வைத்த இடம் தெரியவில்லை. மூக்கு ஒழுகியது, துடைக்கக் கை இல்லை. நான் படித்த புத்தகத்தில் எவருக்கும் மூக்கு ஒழுகியதில்லை. அத்தனை பக்கங்களும் அந்த நேரத்தில் ஒன்றுக்கும் உதவவில்லை. அம்மா முகம்தான் வந்தது. விழுந்தால் "நான் அப்பவே சொன்னேன்" என்று ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாள் என்ற எண்ணம் வந்தது. கீழேயிருந்து தீதி கயிற்றைப் பிடித்தபடி வங்காளியில் கத்தினாள். "பயமா இருந்தா பயப்படு, யார் வேண்டாம்னாங்க? ஆனா காலை நகர்த்து. சோறு ஆறுது."

நகர்த்தினேன். அழுதுகொண்டே நகர்த்தினேன். மேலே போய்ச் சேர்ந்தேன்.

வீடு திரும்பியபோது இரண்டு முழங்காலும் தேய்ந்திருந்தன, உள்ளங்கை உரிந்திருந்தது.  அம்மா சோறு போட்டாள், சுடுதண்ணீர் வைத்தாள். மறுநாள் என் செம்மண் பிடித்த சல்வாரைக் குழாயடியில் கசக்கிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி கேட்டாள்.

"மேல வரைக்கும் போனியா?"

"போனேன்."

கொஞ்ச நேரம் கசக்கினாள்.

"மேல இருந்து என்னட்டி தெரிஞ்சுது?"

சொன்னேன். காடு தெரிந்தது, காட்டுக்கு அந்தப் பக்கம் வயல் தெரிந்தது, ஒரு ரயில் எறும்பு மாதிரி போயிற்று என்று சொன்னேன். அவள் கை நின்றுவிட்டது.

"பெறவு?"

பிறகு நடந்ததைச் சொன்னேன். அவள் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். சோப்பு நுரையோடு கையை மடியில் வைத்துக்கொண்டு, "சட்டுன்னு உச்சில ஏத்திராத. நடுவுல மாட்டிக்கிட்டு நின்னத இன்னொருக்கா சொல்லு" என்றாள். நான் சொல்லி முடிப்பதற்குள் அடுப்படியிலிருந்து தீய்ந்த வாடை வந்தது.

அந்த வாரமே கீழே போய் மாஷிமாவிடமிருந்து புத்தகங்களைத் திரும்ப வாங்கிவந்தாள். என்ன சொல்லி வாங்கினாள் என்று தெரியாது. அவள் காய் நறுக்க, நான் வங்காளியைப் பார்த்துத் தமிழில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. காலுறை தொலைந்த மனிதரை அவளுக்குப் பிடிக்கவில்லை, "ஒரு சோடி கூடக் கொண்டு போகத் தெரியாதவனுக்கு என்னத்துக்கு மல?" என்றாள். வாத்தியாரம்மா தந்தி கொடுத்த இடத்தில், "அவ அம்மாவுக்குத்தான் கொடுத்திருப்பா" என்றாள். புத்தகத்தில் அப்படி இல்லை என்றேன். "எழுதினவன் விட்டிருப்பான்" என்றாள். அது பெண் எழுதிய புத்தகம் என்று சொல்ல வந்தேன், விட்டுவிட்டேன்.

வருஷங்கள் போயின. அப்பா ஓய்வு பெற்றார். ஊருக்குத் திரும்பலாம் என்று அவர் சொன்னதற்கு, "அங்கன எனக்கு யாரைத் தெரியும்?" என்று அம்மா ஒரே போடாகப் போட்டுவிட்டாள். எனக்கு அலிப்பூரில் ஒரு ஆபீசில் வேலை. குளிர்காலத்தில் சுசுனியாவில் புதிதாக வரும் பெண்களுக்குக் கயிறு பிடிப்பேன். கோடையில் இமயமலைப் பக்கம் எங்காவது போய்வருவேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு மலை காரணமில்லை, ஆனால் ஊரில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு கோடையில், காசி யாத்திரை வந்த சாக்கில் அப்பாவின் அக்கா எங்கள் வீட்டில் வந்து தங்கினாள். நான் பால்கனியில் கயிற்றைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன், துணிக்கொடிக்குப் பக்கத்தில். அடுப்படியில் அத்தையின் குரல் கேட்டது. என் காதில் விழட்டும் என்றே பேசினாள்.

"மக இன்னும் இப்படி மல மலையா ஏறிக்கிட்டுத் திரியுதாளே. ஆம்பளைங்களோட கூடாரத்துல தங்குதாளாம். ஊர்ல என்ன பேசுதாவ தெரியுமாளா?"

"என்ன பேசுதாவ மதினி?"

"எதுக்கு எவ்வாயால சொல்லணும்?"

"சும்மா சொல்லுங்க."

"சரியான சாகசக்காரிங்காவ."

நான் கயிற்றை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மாவுக்கு அந்தச் சொல்லின் தமிழ் அர்த்தத்தை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அத்தை அதை எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்றும் அவளுக்குத் தெரியும். அரிவாள்மணையில் கை நிற்கவில்லை. அவரைக்காய் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது.

"ஆமா" என்றாள் அம்மா. "அதுல என்ன தப்பு?"